சுற்றுச்சூழல் அறக்கொடையும் இன நீதியும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காற்றையும் நீரையும் காட்டையும் காப்பதற்கென்று செல்வர்களும் அவர்கள் நிறுவிய தர்ம ஸ்தாபனங்களும் ஆண்டுதோறும் வழங்கிவரும் பெருநிதி யாருடைய கைகளுக்குப் போய்ச் சேருகிறது, யாருடைய கைகளுக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது என்பதே இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். கொடுப்பது நல்ல காரியம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கொடுக்கும் முறையில் நியாயம் இருக்கிறதா என்று விசாரிப்பதோ, கொடுப்பவர் மனம் புண்படுமே என்ற தாட்சண்யத்தால் நெடுங்காலம் தள்ளிப்போடப்பட்டே வந்திருக்கிறது. அந்த விசாரணையைத் தொடங்கிவைத்தவர்கள், தங்கள் ஊரில் நஞ்சைக் கொண்டுவந்து புதைப்பதைக் கண்டு பொறுக்கமாட்டாமல் தெருவில் இறங்கிய எளிய குடும்பத்து மக்கள். ஆகவே அவர்களுடைய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

வட கரோலினா மாநிலத்தில் 1978-ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், மின்மாற்றிகளில் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட பி.சி.பி. என்னும் நச்சுப் பொருள் கலந்த எண்ணெயை முறைப்படி அழிப்பதற்காகும் செலவை மிச்சப்படுத்த எண்ணிய சிலர், இரவு நேரங்களில் டாங்கர் லாரியை ஓட்டிக்கொண்டு, அதன் குழாயைத் திறந்துவிட்டு, சாலையோரங்களிலெல்லாம் அந்த எண்ணெயை ஒழுகவிட்டுக்கொண்டே போனார்கள். பதினான்கு மாவட்டங்களில், சுமார் 240 மைல் நீளத்துக்கு, ஏறத்தாழ 31,000 காலன் நஞ்சு இவ்வாறு மண்ணில் இறங்கியது. அந்த மண்ணை வெட்டியெடுத்து ஒரே இடத்தில் புதைப்பதென்று தீர்மானித்த மாநில அரசு அதற்குத் தேர்ந்தெடுத்தது, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்வதும், வறுமை மிகுந்ததுமான வாரன் மாவட்டத்து ஆஃப்டன் என்னும் சிற்றூரை. அங்கே நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. மக்கள் குடித்ததோ கிணற்று நீர். 1982-ஆம் ஆண்டு செப்டம்பரில் மண் ஏற்றிய லாரிகள் வரத் தொடங்கியபோது, கோலி ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடிய ஊர் மக்கள், பிரார்த்தனை முடித்து நடந்து சென்று, லாரிகளுக்கு முன்னால் சாலையில் படுத்துக்கொண்டார்கள். அடுத்துவந்த வாரங்களில் 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். லாரிகள் நிற்கவில்லை, நஞ்சும் அங்கேயே புதைக்கப்பட்டது. ஆனாலும் அந்தச் சாலையில் படுத்த மக்கள் எழுப்பிய கேள்வி புதைக்க முடியாததாயிற்று.

கைதானவர்களுள் ஒருவர், வாஷிங்டன் நகரத்தின் பிரதிநிதியாகக் காங்கிரஸ் சபையில் இருந்த வால்ட்டர் ஃபான்ட்ராய். அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் மத்திய அரசின் கணக்காய்வு அலுவலகம் 1983-ஆம் ஆண்டு தென்கிழக்கு மாநிலங்களைப் பரிசீலித்து, அங்கிருந்த நான்கு பெரிய நச்சுக் கழிவுப் புதைகுழிகளில் மூன்று, கறுப்பர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளிலேயே அமைந்திருப்பதைக் கண்டது. அதற்கு முன்பே டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், ஒரு குப்பைக் கிடங்கை எதிர்த்து 1979-இல் தொடுக்கப்பட்ட வழக்குக்காக ஆராய்ச்சி செய்த சமூகவியல் பேராசிரியர் ராபர்ட் புல்லார்டு, மக்கள் தொகையில் கால் பங்கினரே கறுப்பராயிருந்த அந்நகரில், நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைக் கிடங்குகளில் ஐந்தும், எட்டு எரியுலைகளில் ஆறும் கறுப்பர் குடியிருப்புகளில் வைக்கப்பட்டிருந்ததை வரைபடத்தில் குறித்துக்காட்டியிருந்தார். பின்னர் 1987-இல் யுனைட்டெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் திருச்சபையின் இன நீதிக் குழு நாடு முழுவதையும் ஆராய்ந்து, நச்சுக் கழிவு நிலையங்கள் எங்கே அமையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவும் காரணங்களுள், வருமானத்தைக் காட்டிலும் நிலத்தின் விலையைக் காட்டிலும், இனமே முதன்மையானது என்று அறிவித்தது.

இவ்வளவும் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், இயற்கையைக் காப்பதே தங்கள் பணி என்று சொல்லிக்கொண்ட பெரிய ஸ்தாபனங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்பது இயல்பு. 1892-இல் தோன்றிய சியரா கிளப், பறவைகளைக் காக்கப் புறப்பட்ட ஆடுபான் சங்கம், 1970-இல் ஃபோர்டு ஸ்தாபனத்தின் பண உதவியோடு வழக்கறிஞர்கள் தொடங்கிய இயற்கை வளப் பாதுகாப்புக் கவுன்சில் முதலிய பத்துப் பெரும் அமைப்புகள், மலைகளுக்காகவும் வனவிலங்குகளுக்காகவும் தூய காற்றுச் சட்டங்களுக்காகவும் அரும்பணி ஆற்றின. அதை மறுப்பது நன்றிகேடாகும். ஆயினும் 1990-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முதலில் நாட்டின் தெற்கிலுள்ள வளைகுடாக் கரையிலிருந்தும், அடுத்து நியூ மெக்சிகோவில் இயங்கிய தென்மேற்கு மக்கள் அமைப்பிடமிருந்தும் அந்தப் பத்து அமைப்புகளுக்கும் பகிரங்கக் கடிதங்கள் வந்தன. உங்கள் நிர்வாகக் குழுக்களிலும் ஊழியர்களிடையிலும் வெள்ளையரல்லாதார் எத்தனை பேர்? எங்கள் ஊர்களை நஞ்சாக்கும் கம்பெனிகளிடமே நீங்கள் நன்கொடை பெறுவது எப்படி? எங்களைக் கேளாமல் எங்களைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்தவர் யார் என்று அக்கடிதங்கள் கேட்டன. மறு ஆண்டு அக்டோபரில், வெள்ளையரல்லாத மக்களின் முதலாவது தேசியச் சுற்றுச்சூழல் மாநாடு வாஷிங்டனில் கூடிப் பதினேழு கொள்கைகளை வகுத்தது. 1994 பிப்ரவரியில் அதிபர் கிளிண்டன், மத்திய அரசின் ஒவ்வொரு துறையும் சிறுபான்மையினரும் ஏழைகளும் தாங்கும் சுற்றுச்சூழல் பாரத்தைக் கருத்தில் கொள்ள வேண்டுமென்று ஆணை பிறப்பித்தார். வாதத்தில் அந்த மக்கள் வென்றுவிட்டார்கள் என்றே சொல்லலாம். பணமோ அந்த வாதத்தின் பின்னால் வரவில்லை.

வராததற்குக் கணக்கு இருக்கிறது. தர்ம ஸ்தாபனங்களின் போக்கைக் கண்காணிக்கும் ஒரு தேசியக் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2009-ஆம் ஆண்டில், வருஷத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் வரவுசெலவு செய்யும் சுற்றுச்சூழல் அமைப்புகள் மொத்த அமைப்புகளில் 2 சதவீதமே. ஆனால் நன்கொடைகளிலும் மானியங்களிலும் பாதியளவு பெற்றவை அவையே. சுற்றுச்சூழல் மானியங்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பயன்படுவதாகக் கொள்ளத்தக்கவை 15 சதவீதம். இரண்டாண்டு கழித்து, மிச்சிகன் பல்கலைக் கழகப் பேராசிரியை டார்சீட்டா டெய்லர், சுற்றுச்சூழல் சங்கங்கள், அரசாங்க அலுவலகங்கள், நிதி வழங்கும் ஸ்தாபனங்கள் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து, நாட்டின் ஜனத்தொகையில் ஏறத்தாழ 38 சதவீதமாயிருந்த வெள்ளையரல்லாதார் இவற்றில் எதிலும் ஊழியர்களிடையே 16 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று காட்டினார். நியூ ஸ்கூல் பல்கலைக் கழகத்தின் டிஷ்மன் மையம் 2020-இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் கூர்மையானது. வளைகுடா மாநிலங்களிலும் மத்திய மேற்கு மாநிலங்களிலும் பன்னிரண்டு பெரிய ஸ்தாபனங்கள் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சுற்றுச்சூழலுக்கென வழங்கிய 134 கோடி டாலரில், சுற்றுச்சூழல் நீதிக்காகப் பாடுபடும் அமைப்புகளுக்குக் கிடைத்தது 1.3 சதவீதம். நூறு டாலரில் ஒரு டாலரும் சில்லறையும் என்று பொருள். அதுவும் நஞ்சு அதிகமாகக் கொட்டப்படும் பிரதேசங்களில்.

இதைக் கேட்டவுடன், கொடுப்பவர்களெல்லாம் நிறவெறி கொண்டவர்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுவது எளிது. எளிதான அந்த முடிவு உண்மைக்குப் பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். பாத்திரமறிந்து பிச்சையிடு என்று நம் முன்னோர் சொன்னதை அந்த ஸ்தாபனங்களின் அதிகாரிகளும் தம் வழியில் கடைப்பிடிக்கவே செய்கிறார்கள். பாத்திரத்தை அவர்கள் எதைக்கொண்டு அறிகிறார்கள் என்பதில்தான் அநீதி நுழைந்துகொள்கிறது. மானியம் கோரும் விண்ணப்பம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில ஆண்டுகளின் ஆடிட் செய்த கணக்கைக் கொண்டுவா என்கிறது. ஆடிட்டருக்குக் கொடுக்கப் பணமில்லாத சங்கம் அங்கேயே நின்றுவிடுகிறது. சென்ற ஆண்டு எவ்வளவு செலவு செய்தாய் என்கிறது. குறைவாகச் செலவு செய்தவனுக்குக் குறைவாகவே கொடுக்க வேண்டும் என்பது அதற்குள் மறைந்திருக்கும் விதி. இன்ன மாதத்துக்குள் இத்தனை டன் கரிப்புகை குறையும் என்று எண்ணிக்கையில் காட்டு என்கிறது. ஒரு தாய்மார் கூட்டம் பத்து ஆண்டுகள் போராடி ஊருக்குள் வராமல் தடுத்த தொழிற்சாலையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? உன்னை அறிந்தவர் யார் என்கிறது. அதிகாரியும் பெரிய சங்கத்தின் தலைவரும் ஒரே கல்லூரியில் படித்து ஒரே மாநாடுகளில் சந்திப்பவர்கள், ஆற்றங்கரைச் சிற்றூரின் தேவாலய மண்டபத்தில் கூடும் பெண்களுக்கோ அந்த வட்டத்தில் அறிமுகம் செய்துவைப்பார் ஒருவரும் இல்லை. இந்த விதிகளில் ஒன்றேனும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் செல்வமும் கல்வியும் நிறத்தை அனுசரித்தே பங்கிடப்பட்ட ஒரு நாட்டில், செல்வத்தையும் அறிமுகத்தையும் அளவுகோலாகக் கொண்ட விதி, தான் அறியாமலே நிறத்தை அளந்துவிடுகிறது.

கிடைக்கும் சிறு தொகையிலும் ஒரு வேற்றுமை உண்டு. எக்கோயிங் கிரீன், பிரிட்ஜ்ஸ்பான் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நம்பிக்கை தரத்தக்கவை என்று தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் அமைப்புகளை ஒப்பிட்டபோது, கறுப்பர் தலைமை வகிப்பவற்றின் வருவாய் வெள்ளையர் தலைமை வகிப்பவற்றினுடையதைவிட 24 சதவீதம் குறைவாகவும், எந்த நிபந்தனையும் இல்லாமல் செலவு செய்யத்தக்க கையிருப்பு 76 சதவீதம் குறைவாகவும் இருந்தன. அந்த இரண்டாவது எண்ணைச் சிந்திக்க வேண்டும். நிபந்தனையற்ற பணம் என்பது நம்பிக்கையின் அளவு. வாடகை கொடுக்கவும், ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கவும், திடீரென்று ஒரு கம்பெனி அனுமதிப் பத்திரம் கேட்டு மனுப் போட்டால் மறுநாளே வழக்கறிஞரை அமர்த்தவும் உதவுவது அந்தப் பணமே. ஒரு வருஷத் திட்டத்துக்கென்று கட்டிக் கொடுக்கப்படும் பணமோ, வருஷம் முடியும்போது ஊழியரையும் அவர் கற்றுக்கொண்டதையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

பொருளின்றியும் மக்கள் எதைச் சாதித்தார்கள் என்பதற்கு லூசியானா மாநிலத்துச் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தைப் பார்க்கலாம். பாட்டன் ரூஜ் நகருக்கும் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கும் இடையே மிசிசிப்பி நதிக்கரையில் சுமார் 85 மைல் தூரம், ஒருகாலத்தில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்கள் இருந்த இடத்தில், இன்று சுத்திகரிப்பு நிலையங்களும் இரசாயனத் தொழிற்சாலைகளும் வரிசையாக நிற்கின்றன. அங்கே வாழ்வோர் அதற்குப் புற்றுநோய்ச் சந்து என்று பெயரிட்டிருக்கிறார்கள். 2018-இல் அங்கே 940 கோடி டாலர் செலவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை வரப்போவதாக அறிவிக்கப்பட்டபோது, மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஷாரன் லவீன், தம் வீட்டுக் கூடத்தில் அண்டை அயலார் பத்துப் பேரைக் கூட்டி 'ரைஸ் செயின்ட் ஜேம்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். அந்தத் தொழிற்சாலைக்குக் குறித்த நிலத்தில் அடிமைகளின் இடுகாடு இருப்பது பின்னர் தெரியவந்தது. அதே வட்டாரத்தில் 125 கோடி டாலரில் வர இருந்த, ஒரு சீனக் கம்பெனியின் மற்றோர் ஆலை, இந்தச் சங்கமும் அதன் தோழமை அமைப்புகளும் காட்டிய எதிர்ப்பால் 2019-இல் கைவிடப்பட்டது. அதற்காக 2021-இல் லவீனுக்குக் கோல்டுமன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. பரிசு வந்தபின் உலகம் அறிந்தது. அந்தக் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த நாளில் அவர்களைத் தேடிவந்த ஸ்தாபனங்கள் எத்தனை இருந்திருக்கும் என்று, கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், நேர்மையான ஆட்சேபமே. கரிப்புகைக்கு நிறமில்லை, பூமி வெப்பமாவது எல்லோருக்கும் ஆபத்து, ஆகையால் விரைவில் அதிகப் புகையைக் குறைக்கவல்லவர் யாரோ அவருக்கே பணத்தைக் கொடுப்போம், இதில் இனப் பேச்சு எதற்கு என்பார்கள். புகைக்கு நிறமில்லை என்பது மெய். அது இறங்கும் இடத்துக்கு உண்டு. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம், கறுப்பர் வாழ்ந்த தெருக்களை வரைபடத்தில் சிவப்பு நிறத்தால் குறித்து, கடன் கொடுக்கத் தகாதவை என்று ஒதுக்கியது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட பகுதிகள், 108 நகரங்களை ஆராய்ந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஒதுக்கப்படாத பகுதிகளைவிடக் கோடையில் சராசரியாக 2.6 செல்ஷியஸ் டிகிரி அதிகம் தகிக்கின்றன. மரமில்லாமையும் தார்ச்சாலைகளும் அதற்குக் காரணம். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பேனாவால் இட்ட சிவப்பு, இன்றும் முதியவர்களின் மூச்சில் தெரிகிறது.

காரியசித்தியை வைத்துப் பார்த்தாலும் அந்த ஆட்சேபம் நிற்காது. 2009 ஜூன் மாதம் காங்கிரஸின் கீழ்ச்சபையில் நிறைவேறிய பருவநிலை மசோதாவுக்காகத் தலைநகரில் ஏராளமான பணமும் நிபுணத்துவமும் செலவாயின. ஆனால் தொகுதிதோறும் எழுந்து நின்று அதைக் கேட்கும் மக்கள் கூட்டம் திரட்டப்படவில்லை. மறு ஆண்டு மசோதா செனட் சபையில் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. அதே 2010-இல், கலிபோர்னியாவின் பருவநிலைச் சட்டத்தை நிறுத்திவைக்க எண்ணெய்க் கம்பெனிகள் பணம் கொடுத்து முன்வைத்த இருபத்துமூன்றாம் பிரேரணையை மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். அந்த வெற்றியில், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் கறுப்பரும் ஆசியரும் வாழும் தெருக்களில் வீடு வீடாகச் சென்ற சிறு சங்கங்களுக்குப் பெரும் பங்குண்டு. மக்கள் பலமில்லாத சட்டம் காற்றில் நட்ட கம்பம். அந்த மக்களைத் திரட்டுபவர்கள், ஸ்தாபனங்கள் தேடிப் போகாத இடங்களில்தான் இருக்கிறார்கள்.

2020-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஃப்ளாய்டு என்ற கறுப்பர் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலின்கீழ் உயிரிழந்தபின் நாடெங்கும் எழுந்த கிளர்ச்சி, தர்ம ஸ்தாபனங்களின் கதவுகளையும் தட்டியது. அவ்வாண்டு நவம்பரில் ஜெஃப் பெசோஸின் பூமி நிதி முதல் தவணையாக அறிவித்த 79.1 கோடி டாலரைப் பதினாறு அமைப்புகள் பெற்றன. அவற்றுள் பழம்பெரும் ஸ்தாபனங்கள் ஐந்து, தலா 10 கோடி பெற்றன. சிறு சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணியைச் செய்யும் மூன்று நீதி நிதிகளுக்குத் தலா 4.3 கோடி கிடைத்தது. பழைய பழக்கமும் புதிய எண்ணமும் அந்த ஒரே பட்டியலில் அருகருகே நிற்கின்றன. 2021-இல், வெள்ளையரல்லாத கொடையாளர்கள் சேர்ந்து அமைத்த குழு ஒன்று, நாட்டின் முதன்மையான நாற்பது பருவநிலைக் கொடையாளர்களை நோக்கி இரண்டு வாக்குறுதிகள் கேட்டது: எவ்வளவு பணம் வெள்ளையரல்லாதார் தலைமை தாங்கும் மக்கள் இயக்கங்களுக்குப் போகிறது என்பதைப் பகிரங்கப்படுத்துக, அதை 30 சதவீதமாக உயர்த்துக. க்ரெஸ்கி ஸ்தாபனம் முதலில் ஒப்புக்கொண்டது. வேறு சிலவும் பின்தொடர்ந்தன. கையெழுத்திட்டவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எண்ணிப் பார்க்க நேர்ந்ததே இதன் பெரும் பயன் என்று நான் கருதுகிறேன்; எண்ணாத வரையில் ஒருவர் தம்மை நியாயவானாகவே எண்ணிக்கொண்டிருக்க முடியும்.

ஆனால் அலை எழுந்த வேகத்திலேயே எதிரலையும் எழுந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதலாகாதென்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கென ஒரு நிதி வழங்கிய மானியத்தைத் தடுத்தது. ஸ்தாபனங்களின் வக்கீல்கள் எச்சரிக்கை ஓலை எழுதத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் புதிய அரசு, கிளிண்டன் பிறப்பித்த 1994-ஆம் ஆண்டு ஆணையை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் நீதிப் பிரிவுகள் மூடப்பட்டன. 2022-இல் காங்கிரஸ் இயற்றிய ஒரு சட்டத்தில் இப்பணிக்கென ஒதுக்கிய 300 கோடி டாலரிலிருந்து வாக்களிக்கப்பட்ட மானியங்கள் பல நிறுத்தப்பட்டன. அரசாங்கப் பணத்தை நம்பி ஆள் அமர்த்திய சிறு சங்கங்களின் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள்.

இத்தருணத்தில் தனியார் ஸ்தாபனங்களின் கடமை என்ன? அவர்களுடைய பணம் முற்றிலும் அவர்களுடையதன்று என்பதை முதலில் நினைவூட்ட வேண்டும். தர்மத்துக்கென ஒதுக்கிய செல்வத்துக்கு அரசு வரி விலக்கு அளிக்கிறது. அந்த வரியின் இழப்பை எல்லாக் குடிமக்களும், ஆஃப்டனிலும் செயின்ட் ஜேம்ஸிலும் வாழ்வோர் உட்பட, பங்கிட்டுச் சுமக்கிறார்கள். பதிலுக்குச் சட்டம் கேட்பது, சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை ஆண்டுதோறும் செலவிடுக என்பது மட்டுமே. அந்த 5 சதவீதத்தை எல்லை என்று கொள்ளாமல், ஆபத்துக் காலத்தில் அதற்கு மேலும் கொடுக்கலாம். ஓராண்டுக்கென்றில்லாமல் ஐந்தாண்டுக்கும் பத்தாண்டுக்கும், நிபந்தனையின்றிக் கொடுக்கலாம். ஆடிட் கணக்கு வேண்டுமானால் ஆடிட்டரின் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். நஞ்சை மூச்சிழுத்து வாழ்பவர்களையே தீர்மானிக்கும் மேஜையில் அமர்த்தலாம். இனத்தின் பெயரைச் சொல்லச் சட்டம் இடம்தராத நிலை வருமானால், நஞ்சு அதிகம் இறங்கும் இடத்தைச் சொல்லி அங்கே கொடுப்பதற்குத் தடையேதும் இல்லை. வரைபடம் இருக்கிறது, புகையளக்கும் கருவி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுதோறும் கணக்கை எண்ணிப் பகிரங்கமாக வெளியிட வேண்டும், ஏனெனில் 1.3 சதவீதம் என்ற எண் வெளிப்பட்டிராவிட்டால் 30 சதவீதம் என்ற கோரிக்கையே பிறந்திராது.

சகோதர சகோதரிகளே, தர்மத்தின் தரத்தை நிர்ணயிப்பது கொடுப்பவரின் இரக்கத்தைக் காட்டிலும், பெறத்தக்கவரை அவர் கண்டறியும் முறையே என்பதுதான் நான் சொல்லவந்ததன் சாரம். இரக்கம் நல்ல மனத்திலிருந்து தானாக வரும். முறையை அறிவுகொண்டு அமைக்க வேண்டும், அமைத்ததை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும், பிழையென்று கண்டால் கூச்சமின்றி மாற்ற வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மக்கள் வெளிப்படையாகக் கேட்டுவரும் நியாயம் இதுவே: தங்கள் ஊரின் நோயை அறிந்த தங்களுக்கு, அதைத் தீர்க்கும் பொருளையும் பொறுப்பையும் தாருங்கள் என்பது. அந்தக் கோரிக்கை ஏற்கப்படுமானால் அந்நாட்டின் சுற்றுச்சூழல் இயக்கம் இன்றிருப்பதைவிட நீதியுடையதாகவும் வலிமையுடையதாகவும் விளங்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.